ஊசியின் முதுகைப் படிப்பவர்

சேகரிப்போரில் ஓர் இனம் உண்டு. அது எந்தப் பொருளின் முகத்தையும் பார்க்காது, முதுகைத்தான் பார்க்கும். எங்கள் பின்லாந்தில் அது நன்றாகவே செழிக்கிறது. போர்க்காலத்தில் எங்கள் பெண்கள் லோத்தாக்கள் என்று தொண்டர் படையாகத் திரண்டு, சூப் காய்ச்சி, காயம் கட்டி, கோபுரமேறி விமானம் வருகிறதா என்று பார்த்தார்களே, அவர்கள் கழுத்துப்பட்டியில் குத்திக்கொண்ட வெள்ளிப் பதக்க ஊசிதான் இதற்குத் தீனி. நீல ஸ்வஸ்திகம் (நாஜிகளுடையதல்ல, எங்கள் பழைய சின்னம்), மூலைக்கொரு ரோஜா. அழகுதான். யார் பார்த்தார்கள்? பின்னால் ஓர் எண் இருக்கிறதே.

இல்மாயோகி ஊர் யல்மாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். காலைக் கஞ்சியோடு மரண அறிவிப்புகளைப் படிப்பார். இறந்தவருக்குத் தொண்ணூறு வயதென்றால் கரண்டி நின்றுவிடும். மூன்று வாரம் கண்ணியமாகப் பொறுத்து, சட்டைப் பையில் உருப்பெருக்கியும் கையில் கேக்குமாக வாசலில் நிற்பார். இரண்டாவது காபி வரும்வரை பனியைப் பற்றி மட்டுமே பேசுவார். மனைவியின் பிறந்தநாள்? மறந்துவிடும். எண் மறக்காது.

இந்தமுறை அவுலிக்கி தானே அவரைக் கூப்பிட்டிருந்தாள். அவள் லிஃப்ட் பரிசோதகர். லோத்தாவாக இருந்த அவள் அம்மா எல்மா இறந்து மூன்று வாரம். வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஊசியைக் கொடுத்துவிடுவதென்று முடிவு. அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் பிறகு அன்றுதான் அந்த வீட்டில் சமையல்.

“நம்பர் பார்த்தீங்களா தங்கச்சி?”

“நூத்தி நாப்பத்திரெண்டு.”

யல்மாரி கோப்பையைக் கீழே வைத்தார். “என்கிட்ட நூத்தி நாப்பத்தொண்ணு இருக்கு. நாப்பத்திமூணும் இருக்கு. பதினோரு வருஷமா நடுப்பல் விழுந்த வாய் மாதிரி கிடக்கு.”

இதயநோயாளி மாத்திரையை எடுப்பதுபோல் தோள்பைக்குள்ளிருந்து தன் ஊசிப் பெட்டியை எடுத்தார். அவுலிக்கி கரண்டி இழுப்பறையைத் திறந்தாள்.

“ஸ்பூனோடயா வச்சிருக்கீங்க?”

“போர் தோத்து, ரஷ்யாக்காரன் சொல்லிப் படையைக் கலைச்சப்போ ஊர்ல பாதிப் பேரு பயந்து ஏரியில வீசினாங்க. அம்மா ஸ்பூனுங்களுக்கு நடுவுல போட்டாங்க. எவன் தேடுவான்? அப்புறம் அறுபது வருஷம் கிழங்கு வெந்துச்சான்னு குத்திப் பார்த்தது இதாலதான்.”

“எனாமல் பாதி போச்சே. சரி, தேய்மானம்னு சீட்டுல எழுதிக்கலாம்.”

பெட்டியில் ஊசிக்கொரு சீட்டு இருந்தது. அவள் குனிந்து படித்தாள். நாற்பத்தொன்று: ‘மிக நன்று, ஓரத்தில் கீறல்.’ நாற்பத்துமூன்று: ‘நன்று, முனை வளைவு.’

“இது யாரோடது?”

“என்னோடது.”

“அதுக்கு முன்னாடி?”

“சந்தையில வாங்கினது.”

“நான் லிஃப்ட் பார்க்கிறவ. நம்பர் தகட்டைக் கழட்டிக்கிட்டு, உள்ளே மாட்டிக்கிட்டவங்களை விட்டுட்டு வர்றதில்லை.” நாற்பத்தொன்றின்மேல் விரலை வைத்தாள். “இது சைமி அத்தை. சூப்புக்கு ரெண்டு தரம் உப்புப் போட்டு ஒரு படையையே தண்ணி குடிக்க வச்சவங்க. இது தூனே அத்தை. ஊசி வாங்குற வரிசையில சைமி அத்தைக்கும் அம்மாவுக்கும் நடுவுல நின்னவங்க. பூட்ஸ்ல சேறுன்னு துடைக்கப் போனாங்க, வந்தா அம்மாவுக்குப் பின்னாடிதான் இடம். அந்தச் சண்டை சாகுறவரைக்கும் ஓயல.”

முந்நூறு சீட்டுகள். ஒன்றிலும் பெயரில்லை. யல்மாரி முதல்முறையாக ஓர் ஊசியின் முகத்தைப் பார்த்தார்.

அவுலிக்கி அதற்குள் அம்மாவின் ஊசியால் கிழங்கைக் குத்திவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“இன்னும் அஞ்சு நிமிஷம் வேகணும். இந்த ஊசியைத் தர்றதா இல்ல.”

“தேயாதது ஒண்ணு பதிலுக்குத் தர்றேன் தங்கச்சி.”

“அது எங்க அம்மா கையைப் பார்த்ததில்லையே.”

யல்மாரி தட்டை நீட்டினார். வெண்ணெய் தடவி மூன்று கிழங்கு சாப்பிட்டார். இரண்டு பெயர்களையும் சீட்டில் எழுதிக்கொண்டார். பின்பக்கத்தில்தான், சுபாவம் போகுமா? நடுப்பல் இல்லாமலே வீடு திரும்பினார்.

வெள்ளிக்கிழமை வீடு காலியானது. ஊசி அவுலிக்கியின் கோட்டுக்கு உட்புறம் ஏறிக்கொண்டது. அன்றிலிருந்து யல்மாரி தினமும் தொலைபேசியில்: “தங்கச்சி, இருநூத்தி ஏழு யாரா இருக்கும்?” அவள் திட்டிவிட்டு வைப்பாள். ஆனால் போன ஞாயிறு சந்தையில், யாரோ ஒருத்தியின் ஊசியை எடுத்துச் சட்டென்று முதுகைத் திருப்பிப் பார்த்தது யார்? அவளேதான்.

சிரிக்கிறீர்கள். அடுத்தமுறை துக்க வீட்டில் காபி கொடுத்தால், கோப்பையின் அடியைத் தூக்கி எந்தத் தொழிற்சாலை முத்திரை என்று பார்க்காமல், கொடுத்தவர் முகத்தைப் பார்த்துக் குடித்துக் காட்டுங்கள். அப்புறம் பேசலாம்.