வத்தல் மண்டி மாடியில் மாப்பிள்ளை

முன்பு குடியிருந்தவர்கள் ஏன் ஓடினார்கள் என்று விசாரிக்காமல் சாவி வாங்குகிறவனுக்குத் தன்னம்பிக்கை அதிகம் என்று பொருள். அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு அது மூட்டை மூட்டையாக இருந்தது.

விருதுநகர் பஜாரில் ஒரு பழைய கட்டடம். கீழே அண்ணாச்சியின் மிளகாய் வத்தல் மண்டி. அவர் மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்த மாடிக்கு முதலில் ஒரு போட்டோ ஸ்டுடியோ வந்தது (படத்தில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்களாம்). பிறகு ஒரு பல் டாக்டர், அப்புறம் ஒரு பாட்டு வாத்தியார். மூவரும் காலி செய்தார்கள். பிழைக்கத் தெரியாதவர்கள் என்று முடிவு கட்டிவிட்டு, நான் அங்கே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் திறந்தேன்.

மாடித் தரையில், அந்தக் காலத்தில் மூட்டை ஏற்றி இறக்கிய சதுர ஓட்டை ஒன்று, பலகைக் கதவோடு இருந்தது. காற்றுக்காகத் திறந்தே வைத்திருப்போம். வத்தலைத் தட்டுவதற்கு முன் கீழேயிருந்து "மாடீ, கொட்டுறோம்!" என்று குரல் வரும். உடனே பலகையை மூடிவிடுவோம்.

சிவகாசியிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தன் மகளுக்காக என்னைப் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. அந்தப் பெண்ணை ஒருமுறை சர்ச்சில் பார்த்திருந்தேன். கட்டினால் அவளைத்தான் என்று இருந்தேன். வாத்தியார் வருகிற நேரத்தில் கீழே சந்தைக் கூச்சல் கேட்டால் என் மதிப்பு என்ன ஆவது? காலையிலேயே மண்டிக்கு இறங்கினேன்.

"அண்ணாச்சி, பெரிய மனுசர் வர்றாக. இன்னைக்கு யாரும் சத்தம் போடக்கூடாது."

"மூச்சு விட மாட்டாங்க தம்பி, நீங்க போங்க."

வாத்தியார் வந்தார். நல்ல காற்று வரட்டும் என்று ஓட்டைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டேன். "அடுத்து சாத்தூர்ல ஒரு கிளை..." என்று நான் அளந்துகொண்டிருந்தபோது, கீழே சத்தமில்லாமல் மூட்டைகளைத் தட்டினார்கள்.

நெடி குப்பென்று மேலே ஏறியது. வாத்தியார் தும்மினார், இருமினார், கடைசியில் தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன். கல்யாணம் போச்சே என்று கொஞ்சம் கூடுதலாகவே அழுதேன்.

அண்ணாச்சி மோர்ச் செம்போடு மாடிக்கு ஓடி வந்தார். "தம்பிதான் சத்தம் கூடாதுன்னு சொல்லிட்டாரு. அதான் நாங்க குரல் குடுக்கல!"

வாத்தியார் மோரைக் குடித்து முடித்து, சிவந்த கண்ணோடு என்னைப் பார்த்தார்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா இம்புட்டுப் பேரு கேக்குறாகளா? எங்க பள்ளிக்கூடத்துல எஞ்சொல்ல ஒரு பய கேக்க மாட்டான். தை மாசமே வச்சுக்குவோமா?"

கல்யாணம் முடிந்து மகளை வழியனுப்பும்போது ஊரே மூக்கைச் சிந்தியது. வாத்தியார் மட்டும் கல் மாதிரி நின்றார். மாமியாருக்குக் கோபம். "பெத்த பிள்ளைய அனுப்புறீக, ஒரு சொட்டுக் கண்ணீர் வரலியா?"

"அழ வேண்டியதெல்லாம் அந்த மாடியிலேயே அழுது முடிச்சிட்டேன்."

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெண்ணின் அப்பா அழாமல் நின்றால், "என்ன, வத்தல் மண்டிக்குப் போயிட்டு வந்துட்டீகளா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அதற்குப் பயந்தே, என் மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் முன்பே நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.