படம் தின்னும் பேய்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அந்த மாதம் டாக்டர் வீட்டில்கூட அவ்வளவு கூட்டமில்லை. பண்ருட்டியிலிருந்தும் வடலூரிலிருந்தும் டிவியை ஆட்டோவில் கட்டிக்கொண்டு வந்தார்கள். டிவிக்குள் புகுந்த பேயை ஓட்டும் ஒளிச்சித்தர் அங்கே அவதரித்திருந்தார். அவதாரத்துக்கு முன் அவர் செல்போன் கடை ராஜ்கமல்.

சிதம்பரத்துப் பவானி மருமகளாக வந்த வாரமே, மாமனார் சுப்பராயலு வீட்டிலும் பேய் புகுந்தது. போன் திரையை டிவியில் காட்டினால் பாட்டு வரும், செய்தி வரும். காசு கட்டிப் பார்க்கும் புதுப்படம் மட்டும் கறுத்துவிடும். வசனம் கேட்கும், ஆள் தெரியாது.

வீட்டுக்கே வந்த சித்தர் போனை வாங்கித் துண்டால் மூடி, சாம்பிராணி போட்டார். புகை கலைந்தால் திரையில் கதாநாயகன் ஆடுகிறான். மாமியார் கொளஞ்சியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் பவானியின் கணவன் சிலம்பரசன் பழையபடியே போன் திரையை டிவியில் காட்டிப் படம் போட்டான். மறுபடியும் கறுப்பு.

"பேய் திரும்பி வருதுன்னா, அதக் கூட்டியாந்த காலு இங்கயே இருக்குன்னு அர்த்தம்," என்றார் சித்தர், பவானியின் காலைப் பார்த்து. "பொண்ணு கொஞ்ச நாள் அம்மா வீட்ல இருக்கட்டும்."

சிலம்பரசன் தரையைப் பார்த்தான். பொறியியல் படித்தவன், தரையை நன்றாகவே பார்த்தான்.

அழுதபடி பெட்டி கட்டப்போன பவானி, போனில் அந்தப் புதுப்படம் பார்க்கும் ஆப்பின் உதவிப் பக்கத்தைத் திறந்தாள். தமிழிலேயே இருந்தது. அந்த வீட்டில் அதைப் படித்த முதல் ஆள் அவள்தான்.

பவானியை வழியனுப்பும் பூசைக்குத் தெருவே கூடியது.

"போறதுக்கு மின்ன ஒருவாட்டி பேய ஓட்டிக் காட்டுங்க சாமி. போன் மட்டும் எங்கிட்டயே இருக்கட்டும்," என்றாள் பவானி.

"போன் இல்லாம எப்படிம்மா?"

"பேய் டிவிலதான இருக்குன்னீங்க?"

பவானி படத்தைப் போட்டு, போன் திரையை டிவியில் காட்டினாள். மந்திரம் நீண்டது. திரை கறுப்பாகவே இருந்தது.

"சரி, உங்க போன்லயே அதே படத்தப் போட்டு, அதே மாதிரி டிவில காட்டுங்க."

சித்தர் தயங்கினார். சுப்பராயலுவே சித்தரின் போனை வாங்கிக் காட்டினார். அதிலும் கறுப்பு.

"உங்க வீட்ல எவ கால் வச்சா சாமி?" என்றாள் பவானி. பிறகு மாமனாரிடம் திரும்பினாள். "யாரும் காப்பி எடுக்கக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் படத்துக்குப் பூட்டு போட்டிருக்கான் மாமா. போன் திரைய அப்படியே டிவில காட்டுனா, அந்தப் பூட்டு படத்த மறைச்சிடும். ஆப்புக்குள்ள ஓரமா இருக்குற இந்தப் பொத்தான அமுக்குனா, டிவியே படத்த நேரா வாங்கிக்கும். சாமி துண்டுக்கடில அமுக்குனது இதத்தான்."

அமுக்கினாள். சாம்பிராணி இல்லாமலே கதாநாயகன் ஆடினான். சித்தர் செருப்பைக்கூடத் தேடாமல் கிளம்பினார்.

"அப்ப எங்க ஃபிரிட்ஜ் ராத்திரில முனகுதே, அதுக்கு யாரப் பாக்கறது?" என்று ஒருவர் கவலையோடு கேட்டார்.

கம்பெனிக்காரன் தன் படத்துக்குப் பூட்டு போட்டான், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் மூளைக்கு நாமே பூட்டு போட்டு, சாவியைச் சாமியாரிடம் கொடுக்கிறோமே, அதற்கு?