பிள்ளையாரைக் காவலுக்கு வைத்த மணியண்ணை

பிள்ளைகளே, கள்ளனைப் பிடிக்கப் போய்த் தன்னைத்தானே பிடித்த ஆள் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருப்பார். அவர் எங்கள் உடையார்கட்டு மணியண்ணை.

அவருடைய சொந்தப் பெயர் வேறு. சின்னப் பலசரக்குக் கடை ஒன்று வைத்திருந்தார். அந்தக் கடையிலிருந்து சவர்க்காரமும் பால்மாவும் களவு போய்க்கொண்டே இருந்தன. இப்படியே போனால் கடையைப் பூட்டிவிட்டு, ஓமந்தையில் தன் அண்ணனின் வயலில் வேலை செய்யப் போகவேண்டியதுதான் என்று அவருடைய மனைவி ராணியக்கா சொல்லிவிட்டா. மணியண்ணைக்குச் சேற்றைக் கண்டாலே காய்ச்சல் வரும்.

அதனால் முதல் வேலையாகத் தட்டுத்தட்டாக மணி கட்டினார். மாட்டு மணி, பூசை மணி, சைக்கிள் மணி, எல்லாம்தான். தீப்பெட்டி எடுத்தாலும் மணி அடிக்கும், காற்றாடியைப் போட்டாலும் அடிக்கும். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாதிப் பாடத்திலேயே புத்தகங்களை அடுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். அதிபர் நேரே வந்து கெஞ்சின பிறகுதான் மணிகள் இறங்கின. பெயர் மட்டும் இறங்கவில்லை.

அடுத்தது கண்ணாடி. மூடிப்போன சலூன் ஒன்றிலிருந்து நாலு பெரிய கண்ணாடிகளைக் கொண்டுவந்து நாலு மூலையிலும் மாட்டினார். நான் சீனி வாங்க நின்ற நேரம் மெல்ல என் கையைப் பிடித்தார்.

"தம்பி, அசையாதை. அந்த மூலையில ஒரு மொட்டையன் நிக்கிறான். கன நேரமா ஒண்டும் வாங்கேல்லை."

நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ராணியக்கா அடுப்பை விட்டுவிட்டுக் குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தா.

"அது உங்கட பின்மண்டை," என்றா.

அன்று பின்னேரமே கண்ணாடிகள் எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன.

மூன்றாவது யோசனைதான் பெரிய யோசனை. சாமான் களவு போகிறதெல்லாம் கடையின் பின்பக்கத்து இருட்டு மூலையில். அங்கே ஆளுயரப் பிள்ளையார் படத்தை மாட்டினார். சாமியைக் கண்டால் சனம் இரண்டு கையையும் கூப்பும், கூப்பின கையால் களவெடுக்க ஏலாது என்பது அவருடைய கணக்கு.

கணக்கு சரிதான். சனம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தது. வெள்ளிக்கிழமைகளில் பூவும் கொண்டுவந்தது. ஆனால் முட்டை, ரின்னில் அடைத்த மீன், கருவாடு என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. பிள்ளையாருக்கு முன்னால் நின்று மச்சம் எப்படிக் கேட்பது? கருவாடு வாங்கப் போன நானே ஊதுபத்தியோடு வீட்டுக்கு வந்தேன். இதை வைத்து என்ன கறி காய்ச்சுவது என்று என் மனைவி கேட்டா.

மச்சம் வேண்டின சனமெல்லாம் சந்தியில் இருக்கிற பெரிய கடைக்குப் போய்விட்டது. போன சனம் அரிசி பருப்பையும் அங்கேயே வாங்கியது. முந்திக் கள்ளன் கொண்டுபோனதைவிட இது பெரிய நட்டம். ராணியக்கா ஓமந்தைக்குப் போக உடுப்பு அடுக்கத் தொடங்கிவிட்டா.

படத்தைக் கழற்றுங்கள் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். வீடு தேடி வந்த சாமியைப் போ என்று சொல்ல ஏலாது என்று மணியண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

அடுக்கின உடுப்பை அப்படியே விட்டுவிட்டு ராணியக்காதான் எழும்பினா. மேசனைக் கூப்பிட்டுப் பின்சுவரில் படத்துக்குப் பக்கத்தில் பெரிய சன்னல் ஒன்று வெட்டுவித்தா.

"பிள்ளையார் முன்னுக்குப் பாக்கட்டும். மச்சத்தை அவருக்குப் பின்னால விப்பம்."

அதுதான் மருந்து. சன்னல் திறந்ததும் இருட்டு மூலை என்று ஒன்றே இல்லாமல் போனது. கருவாடு வாங்க வெளியே நிற்கிற சனம், தன் முறை வரும்வரை கடைக்குள்ளே யார் என்ன எடுக்கிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டு நிற்கும். வேறென்ன வேலை? அத்தனை கண்ணுக்கு முன்னால் கள்ளன் எங்கே கை வைப்பது? களவும் நின்றது, வியாபாரமும் திரும்பியது, ஓமந்தைப் பயணமும் நின்றது.

"எல்லாம் என்ர பிளான்தான் தம்பி," என்றார் மணியண்ணை.

கருவாடு நிறுத்துக்கொண்டிருந்த ராணியக்கா, "ஓம், ஓம்," என்றா.

போன மாதம் மணியண்ணைக்குச் சேற்றைக் காணாமலே காய்ச்சல் வந்து, ராணியக்காவும் அவரைப் பார்க்க நின்றதால் கடை பூட்டிக் கிடந்தது. எங்கள் வீட்டிலும் சீனி முடிந்துவிட்டது. சந்திக் கடை திறந்துதான் இருந்தது. ஆனால் வாங்கி வாங்கோ என்று என் மனைவியும் சொல்லவில்லை, நானும் சைக்கிளை எடுக்கவில்லை. அவர் எழும்பி வந்து கடை திறக்கும்வரை நாங்கள் எல்லோரும் சீனியில்லாத வெறும் தேத்தண்ணிதான் குடித்தோம்.