உகரச் சுட்டும் ஊமை மோதினாரும்

கட்டுகஸ்தோட்டை,
2.2.1991

என் அன்புக்குரிய தம்பி யோகேந்திரனுக்கு,

நல்லூரானை நினைந்து அண்ணன் வரதராசா எழுதிக்கொள்வது. இங்கு நான் மூட்டுவாதம் நீங்கலாகச் சுகம். உங்கு நீயும் மங்களேஸ்வரியும் பிள்ளைகளும் குண்டுக்கும் ஷெல்லுக்கும் தப்பி நலமாயிருக்க வேண்டுமென்று அவனையே இரக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. கொக்குவில் வீட்டுக் கூரையை ஷெல் கொண்டுபோனதும், மார்கழியில் யாழ்ப்பாண டவுனுக்குள் மாடியோடு ஒரு வீடு உனக்குக் கிடைத்ததும், மேல் அறையை எனக்கென்று ஒதுக்கி வைத்திருப்பதும் அறிந்து மகிழ்ந்தேன். மற்றவனுக்குப் பதுங்குகுழியே கிடைக்காத காலத்தில் உனக்கு மாடி கிடைக்கிறது, உன் சாதகம் அப்படி. "சிங்களவருக்கும் சோனகருக்கும் நடுவிலை கிடந்து ஏன் அண்ணை உத்தரிக்கிறீங்கள், எங்கட சனத்தோட வந்து இருங்கோ" என்று எழுதியிருந்தாய். வருவதென்று முடிவு செய்துவிட்டேன். நீ கேட்காவிட்டாலும் காரணங்களை எழுதுகிறேன்.

பென்சன் எடுத்த நாள் முதல் நான் ஹுஸைன் ஹாஜியாரின் முஸ்லிம் சமூக நிலையத்தில் பின்னேரங்களில் தமிழும் கணக்கும் படிப்பிக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அது எப்படிப்பட்ட இடமென்று தெரியாது. ஒரே மண்டபம், நடுவில் ஒரு சீலைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் நான் சமன்பாடு சொல்லிக்கொடுக்க, அந்தப் பக்கம் தையல் வகுப்பு மெஷின்கள் கடகடவென்று ஓடும், விறாந்தையில் இளைஞர் கழகம் கரம்போர்ட் அடிக்கும், சனிக்கிழமைகளில் முதலுதவிப் பயிற்சிக்கு ஆள் போதாதென்று என்னையே கால் முறிந்தவனாகக் கிடத்திக் கட்டுப் போடுவார்கள், போட்டு முடிவதற்குள் பள்ளியில் பாங்கு கேட்கும், எல்லோரும் தொழுகைக்கு எழுந்து போய்விடுவார்கள், நான் கட்டோடு கிடப்பேன். பரிசளிப்பு விழாவென்றால் எனக்கென்று தனிச் சட்டியில் மரக்கறிச் சமையல் நடக்கும், அதில் மாசிக் கருவாடு கிடக்கும். கேட்டால், "அது மீனில்லியே மாஸ்டர், மாசிதானே, ருசிக்கிப் போட்டது" என்பார்கள். எத்தனை வருடமாகச் சொல்கிறேன், இன்னும் மாசியை மீனென்று அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

அதையும் பொறுத்தேன். பொறுக்க முடியாமல் போனது தமிழ் விஷயம். சுட்டெழுத்து மூன்று, அ, இ, உ என்று ஒரு நாள் படிப்பித்தேன். அ, இ இரண்டையும் வகுப்பு ஏற்றுக்கொண்டது. உ மட்டும் புத்தகம் அச்சடித்தவன் விட்ட பிழையென்று சாதித்தார்கள். என் கையில் இருந்தால் இது, தூரத்தில் கிடந்தால் அது, கேட்கிற உன் கையில் இருந்தால் உது, எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைகூட இதைப் பிழையில்லாமல் கதைக்கும் என்று விளக்கினேன். உடனே ஒருவன் தன் கையிலிருந்த மாங்காயைத் தானே தூக்கிக் காட்டி, "உது" என்றான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அன்று முதல் எனக்கு 'உது மாஸ்டர்' என்று பெயர். கண்டி பஸ்ஸில் கண்டக்டர்கூட, "உது மாஸ்டருக்கு எடம் குடுங்க" என்கிறான்.

இந்த நாக்கால் பட்ட பாடு கொஞ்சமில்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் தமிழரின் கடைகள் எரிந்தபோது, ஹாஜியார் என்னை நிலையத்துக்குள் இழுத்து, திருநீற்றைத் துடைத்து, தலையில் தொப்பியை வைத்து மூலையில் இருத்தினார். வந்த கூட்டம், ஆர் இவன் என்று கேட்டது. என் சிங்களத்திலும் யாழ்ப்பாணம் மணக்கும் என்று ஹாஜியாருக்குத் தெரியும். "எங்கள் மோதினார், பிறவி ஊமை" என்று சிங்களத்தில் ஒரு போடு போட்டார். பள்ளிவாசலில் ஐந்து நேரமும் பாங்கு சொல்வதுதான் மோதினாரின் வேலை. ஊமை எப்படியடா பாங்கு சொல்வான் என்று கத்தியோடு வந்தவர்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. அந்த மடத்தனத்தின் புண்ணியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் உங்கிருந்த முஸ்லிம் சோனகர் அத்தனை பேரையும் இயக்கம் ஒரேயடியாக வெளியேற்றியது. உன் கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. டவுனில் இப்போது நெருக்கடி இல்லை, நல்ல அமைதி என்று மட்டும் எழுதியிருக்கிறாய். உடுத்த உடுப்போடு வந்தவர்களில் சில குடும்பங்கள் இங்கே சொந்தக்காரரை அண்டி வந்தன. பிள்ளைகளை நிலையத்துக்கு அனுப்பினார்கள். அன்றே ஹாஜியார் என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனார். "மாஸ்டர், கோவிச்சிக்க வேணாம். அந்தப் புள்ளைகள் பயந்துபோய் ஈக்கிது. நீங்க யாழ்ப்பாணம்ண்டு தெரிஞ்சா தாய்மார் அனுப்ப மாட்டாங்க. கொஞ்ச நாளைக்கி எங்கட மாதிரி கதைங்களே."

எனக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பார். சிங்களவருக்குத் தெரியக்கூடாதென்று ஒரு தரம் வாயை மூடியாயிற்று. இந்தத் தரம் எங்கள் ஊராருக்கே தெரியக்கூடாதாம். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். சீவியம் முழுவதும் தமிழ் படிப்பித்த கிழவன் கண்ணாடிக்கு முன்னால் நின்று "ஈக்கிது", "செல்லுங்க" என்று பாடமாக்கினேன். மாங்காய்க்காரன்தான் எனக்குக் குரு. நான் ஒவ்வொரு தரம் பிழை விடும்போதும் "கொஞ்சம் முன்னேற்றம் ஈக்கிது சேர்" என்றான்.

முந்தநாள் எல்லாம் கெட்டது. அவனே கவராயத்தை எடுத்துப் பக்கத்திலிருந்தவனைக் குத்தப் போனான். பாடமாக்கினதெல்லாம் பறந்துவிட்டது. "டேய், உதைக் கீழை வை" என்று கத்திவிட்டேன். வழக்கம்போல வகுப்பே சிரித்தது. பின்வாங்கில் இருந்த ஜெஸீமா என்ற புதுப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "சேர், நீங்கள் எங்கட ஊரோ?" என்று கேட்டாள். அந்த முகத்தில் பயம் இல்லையடா, சந்தோசம் இருந்தது. நான் "இல்லை, மாத்தளை" என்றேன். அவள் கொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எண்பத்து மூன்றில் காடையருக்குப் பயந்து ஊமையானேன். இப்போது ஒரு சின்னப் பிள்ளைக்குப் பயந்து மாத்தளையான் ஆகிவிட்டேன். வெட்கமாயிருக்கிறது. இனி எந்த முகத்தோடு அந்த வகுப்புக்குள் போவது? உங்கு வந்தால் ஒருவருக்கும் ஒளிக்கத் தேவையில்லை. நிலையத்தை விடுகிறேன் என்று நேற்று ஹாஜியாரிடம் சொன்னேன். மறிப்பார் என்று நினைத்தேன். "உங்கட விருப்பம்" என்றுவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பள்ளிக்குப் போய்விட்டார். இதுதான் இவர்களுடைய நன்றி.

கொழும்புக்கு வந்திருக்கும் நவரட்ணராஜா உங்கு திரும்பும்போது இக்கடிதத்தைக் கொண்டுவருவார். சிவராத்திரிக்கு முதல் நானும் புறப்பட்டுவிடுவேன். மேல் அறையைக் கூட்டி வைக்கச் சொல். மங்களேஸ்வரிக்கு என் அன்பு. பிள்ளைகள் கல்வியும் கைகால்களும் குறைவில்லாமல் வளர என் ஆசி.

உன் அண்ணன்,
வரதராசா

பி.கு.: மேலே உள்ளது காலையில் எழுதியது. இன்று பின்னேரம் பிள்ளைகளின் கொப்பிகளை ஒப்படைக்க நிலையத்துக்குப் போயிருந்தபோது ஜெஸீமாவின் தாய் அங்கு வந்தா. ஏசத்தான் வருகிறா என்று எழும்பி நின்றேன். "பிள்ளையை இஞ்சத்தைச் சனம்போலக் கதைக்கப் பழக்கிவிடுங்கோ சேர். வாய் திறந்தால் மற்றப் பிள்ளையள் சிரிக்கினமாம்" என்றா. ஊர்ப் பேச்சை ஏன் மாத்துவான், திரும்பிப் போகேக்கை தேவைப்படுமே என்றேன். "போறது நடக்கிற காரியமே?" என்று கேட்டா. அதற்கு மேல் என்னால் மாத்தளையானாக நிற்க முடியவில்லை. நான் கொக்குவில் என்று சொல்லிவிட்டேன்.

போக வெளிக்கிட்டவ வாசலில் திரும்பி நின்றா. பிறகு, "உங்கட ஆக்கள் ஆரும் இன்னும் அங்கை இருக்கினமோ?" என்று கேட்டா. தம்பி ஒருத்தன் என்றேன். அவையின் வீடு டவுனுக்குள் ஐந்து சந்திக்குக் கிட்டவாம், மாடி வீடாம், நீலக் கேற்றாம், வீட்டைப் பூட்டின திறப்பை இயக்கப் பொடியள் வாங்கிக்கொண்டு விட்டவையாம். "இப்ப அதிலை ஆர் இருக்கினம் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுவீங்களோ சேர்?" என்று மெதுவாகக் கேட்டா. ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும். நாளைக்கும் பிள்ளையை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனா.

ஆகையால் நான் வரவில்லை. ஹாஜியாரிடமும் சொல்லிவிட்டேன். ஐந்து சந்தியடிக்குப் போய் அந்த வீட்டில் ஆர் இருக்கினம் என்று பார்த்து எனக்கு எழுது. இருப்பது நீயென்றால் எழுத வேண்டாம்.