மாமாவின் கம்பளிக் கோட்டு

அலமாரிக்குள் தலையை விட்ட இஞ்ஞாசிக்கு அதை வெளியே எடுக்கவே மனம் வரவில்லை. மாமனாரின் கறுப்புக் கம்பளிக் கோட்டைக் காணோம்.

"பிலோமின், இங்க மாட்டியிருந்த கோட்டு எங்க?"

"நீங்கதான நேத்து அலமாரிய வழிச்செடுத்து கோயிலுக்குத் தூக்கினு போனீங்க?" அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள் மனைவி.

இஞ்ஞாசிக்கு நினைவு வந்தது. மொராக்கோவில் பூகம்பம், மலையில் குளிர், கம்பளித் துணி கொடுங்கள் என்று ஞாயிறு பூசையில் ஃபாதர் கேட்டிருந்தார். மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்கும் புதுச்சேரியில் கம்பளிக்கு எங்கே போவது? வசூல் குழுத் தலைவனே வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்குமா என்று, கையில் சிக்கியதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது வாஸ்தவம்தான். கோட்டும் அதில் போயிருக்கும் போல.

மாமனார் அந்துவான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த பழைய சொல்தா. வருஷா வருஷம் கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைக்கும் விழாவுக்கு அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போவார். போட்டுவிடுவது இஞ்ஞாசி. கழுத்துப் பொத்தான் வரை பூட்டி, மெடல்களைக் குத்தி, போட்டோ எடுத்து முடிக்கும்வரை ஒரு பொத்தானைக்கூடக் கழற்ற விடமாட்டான். பெரியவர் முகத்தில் அருவி மாதிரி வியர்வை கொட்டும். பெருமை தாங்காமல்தான் என்று நினைத்துக்கொள்வான். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன் மாமனாருக்குச் செய்ய முடிந்த மரியாதை அது ஒன்றுதான்.

விழா நாளைக் காலை. கோட்டைத் தானமாகக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் மனிதர் தாங்குவாரா? தாங்கினாலும் இவனை வீட்டில் வைத்திருப்பாரா?

"மாப்ள!" கூடத்து நாற்காலியிலிருந்து அந்துவானின் குரல் வந்தது. "மூட்டை ஏத்துற லாரி போயிடிச்சா?"

"இன்னும் இல்ல மாமா."

"சீக்கிரம் அனுப்பு. பாவம், அங்க குளுருல கெடக்குறாங்க."

இஞ்ஞாசி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கோயிலுக்கு ஓடினான்.

அங்கே மூட்டைகளெல்லாம் வாய் தைக்கப்பட்டு, லாரி வாசலில் நின்றது. கோணி ஊசியும் கையுமாக ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள் கன்னியம்மாள். குருசுக்குப்பத்தில் மீன் விற்பவள். சுனாமியின்போது எங்கெங்கிருந்தோ குப்பத்துக்கு வந்து குவிந்த கம்பளிகள், போர்த்த ஆளில்லாமல் பரணில் கிடந்தன. அவற்றையெல்லாம் வீடுவீடாகத் திரட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான்.

"ஒரு மூட்டைய பிரிக்கணும்மா" என்றான் இஞ்ஞாசி.

"எதுக்கு சார்? இப்பத்தான தச்சேன்."

உண்மையைச் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். "எலி! ஒரு எலி உள்ள பூந்தத என் கண்ணால பாத்தேன்."

பின்னால் ஃபாதர் நின்றதை அவன் பார்க்கவில்லை.

"எலியா? அந்த ஜனங்களுக்கு பூகம்பம் பத்தாதா, நாம வேற எலி அனுப்பணுமா? எல்லா மூட்டையையும் பிரிங்க!"

முற்றம் முழுக்கக் கம்பளி விரிந்தது. காலையிலிருந்து மடித்து அடுக்கிய மாதா சபைப் பெண்கள் இஞ்ஞாசியைப் பார்த்த பார்வையில் பாவமன்னிப்புக்கு இடமே இல்லை. ஒரு ஸ்வெட்டரிலிருந்து தொங்கிய நூலை வால் என்று நினைத்து ஒருத்தி அலற, இன்னொருத்தி நாற்காலி மேல் ஏறினாள். லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கோட்டு மட்டும் கிடைக்கவில்லை.

"நீ குந்தியிருக்கிற மூட்டை?" என்றான் இஞ்ஞாசி கடைசி நம்பிக்கையாக.

"இதுல எலி இல்ல சார். நானே பாத்துட்டுத்தான் தச்சேன்." அவள் அசையவில்லை. மீன் அங்காடியில் இடம் பிடித்து உட்காரும் பெண்ணை எழுப்ப யாரால் முடியும்?

"எலிய புடிக்காம நீங்க வீட்டுக்குப் போகக் கூடாது" என்று ஃபாதர் அவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார். கோயில் கூடத்தின் மூலை முடுக்கெல்லாம் பெருக்கி முடிப்பதற்குள் மூட்டைகளை மறுபடி தைத்து ஏற்றிவிட, லாரியும் கிளம்பிவிட்டது.

வேறு வழியில்லாமல் சாரம் பகுதியில் இருந்த கல்யாண பேண்ட்செட் கடைக்குப் போனான்.

"வாடகைக்குக் கறுப்புக் கோட்டு இருக்கா?"

"கறுப்ப மாஸ்டரு போட்டுக்கினு ஊர்வலத்துக்குப் போயிட்டாரு. இதான் இருக்கு."

ரத்தச் சிவப்பு. தோளில் தங்கக் குஞ்சம், மார்பில் பித்தளைப் பொத்தான் வரிசை. கறுப்பை விடக் கனம்.

வீட்டில் அதைப் பார்த்ததும் அந்துவானின் முகம் வெளுத்தது.

"மறுபடியும் கோட்டா?" என்றார் ஈனக் குரலில்.

அவ்வளவுதான். கண்டுபிடித்துவிட்டார் என்று இஞ்ஞாசி நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான். "மாமா, என்ன மன்னிச்சிடுங்க! உங்க கோட்ட நான்தான் தெரியாம மூட்டையில வச்சி அனுப்பிட்டேன்!"

பெரியவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"லாரி... போயிடிச்சா?"

"நம்ம ஊரு மேட்டுப்பாளையத்தயே தாண்டியிருக்கும் மாமா."

அந்துவான் கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு விட்டார். "போவட்டும் வுடு, மாப்ள. வீடு இடிஞ்சி நிக்கிறவன் போட்டுக்கட்டும்."

இஞ்ஞாசிக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி ஒரு மனிதரைப் பார்த்தா பயந்தோம் என்று வெட்கமாக இருந்தது. "மெடலு..?"

"அது எங்கிட்டதான் இருக்கு." பெரியவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். கோட்டிலிருந்து அது எப்போது கழன்றது என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு இஞ்ஞாசிக்கு நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு அவன் ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

மறுநாள் காலை, வெள்ளைப் பருத்திச் சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு, கடல் காற்றில் சட்டை படபடக்க நின்றார் அந்துவான். முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. போட்டோவில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. தியாகம் செய்த முகத்துக்கே ஒரு களை வந்துவிடுகிறது என்று இஞ்ஞாசி உருகிப் போனான்.

விழா முடிந்து கூட்டம் கலைந்தபோது, காலிக் கூடையோடு குப்பத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த கன்னியம்மாள் பெரியவரைப் பார்த்ததும் நின்றாள். அவருக்குப் பின்னால் குடையோடு நின்ற இஞ்ஞாசியை அவள் கவனிக்கவில்லை.

"பெரியவரே, நீ குடுத்த கோட்ட நீ சொன்னாப்புலயே ஒரு மூட்டைக்குள்ள அடியில வச்சித் தச்சி, லாரி ஏத்துற வரைக்கும் அது மேலயே குந்திக்கினு இருந்தேன், இனிமே மருமவனுக்கு பயந்துக்கினு நீ வேர்த்து ஊத்த வேணாம்!"