பதறல் அண்ணாச்சியின் நாற்பது கோப்புகள்

“ஏ பிள்ள, ஒங்க வீட்ல யாரும் காலேஜ் பக்கமே போனதில்லன்னு சொல்லுத. நீ போயி மிஷினுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துருவியாக்கும்?”

வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் இயங்கிய எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்தில், முதல் நாளே இப்படிக் கேட்டவர், எனக்கு முன்பே அங்கே வேலை பார்த்த பதறல் அண்ணாச்சி. வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தத் திமிரோடு முறைத்தேன். அவர் என்னை மட்டம் தட்டவில்லை, வெறுமனே பயந்திருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி கடலைச் சேரும்வரை இரண்டு கரையிலும் தேடினாலும் அவரைப் போலப் பயப்பட ஓர் ஆள் கிடைக்காது.

எதையும் மூன்று முறை சேவ் செய்வார். பிறகு என் மேசைக்கு வந்து, “அங்கன சேவ் ஆயிட்டான்னு இங்கன பாரு” என்பார். வானம் இருட்டினால் வைஃபை பெட்டிக்குக் குடை பிடிக்காத குறை.

அலுவலகத்துக்கு ஏஐ உதவியாளர் வந்ததும் அவர் பயத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒவ்வொரு புது உரையாடலிலும் அது பழையதை மறந்துவிடும். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், அந்த வகை வேலை வரும்போதெல்லாம் எடுத்துப் படித்துக்கொள்ளும். அந்தக் கோப்புக்கு ‘ஸ்கில்’ என்று பெயர். அண்ணாச்சி ஒரே வாரத்தில் நாற்பது எழுதினார். ‘செய்யுமுன் யோசி’ ஒன்று. ‘யோசித்ததை மறுபடி யோசி’ இன்னொன்று. நான் ஒரு பச்சைப் பொத்தானை நீலமாக்கச் சொன்னேன். உதவியாளர் பதினோரு கேள்வி கேட்டது. கடைசிக் கேள்வி: “பழைய பச்சையை எங்கே பத்திரப்படுத்தட்டும்?”

“எவ்வளவு பொறுப்பா கேக்கு, பாத்தியா?” அண்ணாச்சிக்குப் பூரிப்பு.

அப்போதுதான் களக்காட்டிலிருந்து ஒரு கல்யாண மண்டபக்காரர் போனில் கத்தினார். இந்த உதவியாளரை வைத்து அவருக்கு முன்பதிவு மென்பொருள் செய்து கொடுத்தது நாங்கள்தான்.

“ஒரே சாயங்காலம் ரெண்டு வீட்டு ஆளும் வாசல்ல நிக்காவ வே! ஒருத்தர் கையில மால, இன்னொருத்தர் கையில அண்டா!”

ஞாயிறு மாலை ஒரு வீட்டு வரவேற்பு, திங்கள் காலை இன்னொரு வீட்டுக் கல்யாணம். தேதி வேறு வேறு என்று மென்பொருள் இரண்டையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏஐக்கு நாள் நள்ளிரவில் பிறக்கிறது. மண்டபத்திலோ கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் மூன்று மணிக்கே சமையல் அண்டா இறங்கிவிடும். எனக்குத் தெரியும். என் அம்மா கல்யாண வீடுகளுக்குக் காய் நறுக்கப் போகிறவர்.

திருத்தினோம். அடுத்த வாரம் வேறொரு திரையைச் செய்யச் சொன்னபோது, உதவியாளர் அதே தவறைப் புத்தம் புதிதாகச் செய்தது. முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“திங்கக்கெழம மண்டபக்காரர் நேர்ல வாராரு. அன்னைக்கும் இப்படின்னா ரெண்டு பேரும் வீட்டப் பாத்துப் போயிருங்க.”

வேலை போனால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று எனக்கு வரி வரியாகத் தெரியும்.

அண்ணாச்சி பதினான்கு பக்கத்துக்கு ஒரு ஸ்கில் எழுதினார். ஏழாம் பக்கத்தில், ‘மாப்பிள்ளை ஓடிவிட்டால் மண்டபம் காலியா?’ நான் அதை ஒதுக்கிவிட்டு ஒன்பது வரி எழுதினேன். முதல் வரி, எப்போது படிக்க வேண்டும் என்பது: ‘கல்யாண முன்பதிவு பற்றிய எந்த வேலைக்கும்.’ மீதி எல்லாம் ஒரே விஷயம்தான்: விசேஷ நாள் முந்தின நாள் மதியம் மூன்று மணிக்கே தொடங்கிவிடும்.

“ஒம்பது வரிதானா? மாப்பிள்ள ஓடுனா என்ன செய்யன்னு இதுல இல்லையே பிள்ள.”

“அப்ப நீங்களே சோதிச்சுப் பாருங்க அண்ணாச்சி.”

விடுவாரா? தப்பும் தவறுமாக எழுதிக் கேட்டார். கோபக்கார வாடிக்கையாளராகக் கேட்டார். ஒவ்வொரு கணினியாக மாறி உட்கார்ந்து கேட்டார். இருபத்து மூன்றாவது தடவை அலறினார்.

“ஏ பிள்ள, ஓடி வா! முடிஞ்சுது நம்ம கத!”

‘சடங்கு வீட்டுக்கு ஒரு முன்பதிவுத் திரை செய்’ என்று கேட்டிருக்கிறார். பெண் வயதுக்கு வந்த விசேஷம்தானே, கல்யாணம் இல்லையே என்று உதவியாளர் என் கோப்பைத் திறக்கவே இல்லை. நாள் மறுபடி நள்ளிரவில் பிறந்திருந்தது. முதல் வரியை மாற்றினேன்: ‘மண்டபத்தில் எந்த விசேஷமானாலும்.’ திரையை மறுபடி செய்ய வைத்தேன்.

திங்கட்கிழமை மண்டபக்காரர் உட்கார்ந்ததுமே, “எங்க, ஒரு சடங்கு வீட்டப் போட்டுக் காட்டுங்க பாப்போம்” என்றார். போட்டேன். முந்தின நாள் மாலை வரவேற்பு இருந்ததால் ‘இடமில்லை’ என்றது திரை. அண்ணாச்சி திரையை எட்டிப் பார்த்தார்.

“பாடம் சொல்லிக் குடுத்துட்டியே பிள்ள!” என்றார். உடனே முகம் வாடியது. “ஆனா நாளைக்கு என்னாகுமோ?”

போன மாதம் அவர் வேறு வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டார். பேருந்திலிருந்து மூன்று முறை கூப்பிட்டு, அலுவலகக் கதவைப் பூட்டினேனா என்று கேட்டார். இப்போது இங்கே யாரும் பதறுவதில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இன்று காலை எல்லாக் கணினிகளிலும் ஒரு புது ஸ்கில் ஏற்றினேன். பெயர் ‘பதறல்’. ஒரே வரிதான்: ‘வேலை முடிந்தது என்று சொல்லுமுன், அதையே வேறு வார்த்தையில் கேட்டாலும் சரியாக வருமா என்று இன்னொரு தடவை சோதித்துப் பார்.’

மூன்று முறை சேவ் செய்தேன்.