ஆப்கான் சாப்பாட்டுக்குச் சிவப்புக் கயிற்றை இழுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய 'ஐராவதிக் கரை' மாத இதழின் ஆசிரியர் ஆபிரகாம் ஐயா அவர்களுக்கு,

ரங்கூன் தாகேதா பாலத்துக்கு இந்தப் பக்கம், மஞ்சள் கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து செல்வம் மகள் பவானி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். கரண்டும் தண்ணீரும் தங்கள் வீட்டுக்கு ஒரே நேரத்தில் வர வேண்டும்.

முதலில் நான் கவனித்தது இதுதான்: எங்கள் கட்டடத்துக்கு வந்த ஒரு பெரியவர் கயிற்றை இழுப்பதற்கு முன்னால் அதன் நிறத்தைப் பார்த்தார். நம் ஊரில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. கீழே இரும்புக் கதவு பூட்டியிருக்கும், மாடிக்கு ஒரு கயிறு தெருவரை தொங்கும், வந்தவர் இழுப்பார், மேலே மணி அடிக்கும், நாம் எட்டிப் பார்த்துச் சாவியைப் போடுவோம் அல்லது கிளிப்பில் பையை மாட்டி இறக்குவோம். எந்தக் கயிறு யாருடையது என்று வருகிறவருக்குத் தெரியும். இவர் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, தாளைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார், பிறகு எங்கள் வீட்டுச் சிவப்புக் கயிற்றைப் பிடித்துக் கோயில் மணி அடிப்பதுபோல அடித்தார். அந்தத் தாள் தங்கள் இதழின் கடைசிப் பக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்தப் பக்கத்தில் திரு. முரளிதரன் அவர்கள் 'ரங்கூனில் ஆப்கான் சாப்பாட்டை எங்கே ருசிக்கலாம்' என்று எழுதியிருந்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். காபூலி புலாவில் கேரட்டைக் குச்சி குச்சியாக நறுக்கிச் சர்க்கரையில் வதக்குவது, உருளைக்கிழங்கு வைத்துச் சுடும் போலானி ரொட்டி, ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர் எல்லாம் இருந்தது. கடைசி வரிதான் தவறு. 'மஞ்சள் கட்டடத்தின் முன் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுக்கவும்' என்று முடித்திருந்தார். சிவப்புக் கயிறு எங்களுடையது. அவர் சாப்பிட்டது நாலாம் மாடியில், ஆப்கான் சமையல் செய்து விற்கும் மெஹ்ரீன் அக்கா வீட்டில். அவர்கள் கயிறு பச்சை. அவர் வந்த அன்று தண்ணீர் லாரிக்காரர்கள் வந்ததால் கதவு திறந்திருந்தது. அவர் எந்தக் கயிற்றையும் இழுக்காமல் நேராக ஏறிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, இறங்கிப் போகும்போது கண்ணுக்கு முன்னால் தொங்கியதை எழுதிக்கொண்டு போய்விட்டார். எங்கள் கயிறு தடிமனானது. முதலில் கண்ணில் படுவது அதுதான்.

எட்டிப் பார்த்த நான் 'இங்கே இல்லை, மேல் மாடி' என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. எனக்குத் தெரியாதவர்களிடம் பேச வராது. நோய்க் காலத்தில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள், திறந்தபோது நான் போகவில்லை, அதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கயிறு எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் கயிற்றில் பேச வேண்டியதில்லை. மணி அடித்தால் என் கை தானாகப் பையை இறக்கிவிடும். அப்படித்தான் அன்றைக்கும் இறக்கியது. அவர் பையில் ஒரு தூக்கையும் பணத்தையும் வைத்து, "ஒரு ஆளுக்குப் போதும்மா, காரம் கம்மியா" என்று கூப்பிட்டுச் சொன்னார். நான் இழுத்து அம்மாவிடம் கொடுத்தேன்.

"யாருடி இது?"

"தெரியல."

"தெரியாம எதுக்குடி இழுத்த?"

"அவருதான் வச்சாரு."

அம்மா பால்கனிக்குப் போய்ப் பார்த்தாள். அவர் வெயிலில் குடையை விரித்துக்கொண்டு, எங்களுக்குக் கும்பிடு போட்டார். வயசானவர், பசியோடு வந்திருக்கிறார், தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் யாராவது அனுப்பியிருப்பார்கள் என்று அம்மாவே ஒரு முடிவுக்கு வந்து, அன்றைக்குச் செய்திருந்த புளிச்சக்கீரைக் கடையலையும் முட்டைக் குழம்பையும் சோற்றோடு வைத்து இறக்கச் சொன்னாள். சாப்பாட்டைக் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அம்மாவுக்கு இரண்டு நாள் தூக்கம் வராது. அப்பா கட்டிலில் படுத்தபடியே, "இழுக்கறவன் இழுத்துட்டுப் போறான், மணி என்ன தேஞ்சா போயிடும்" என்றார்.

இத்தோடு போயிருக்கும். ஆனால் அந்தப் பெரியவர் தங்கள் இதழின் பேஸ்புக் பக்கத்தில் எழுதிவிட்டார். ஆப்கான் மக்களும் நம்மைப் போலவே புளிச்சக்கீரையைக் கடைந்து சாப்பிடுகிறார்கள் என்பதை அறிந்து மகிழ்ந்ததாகவும், இது பண்டைய வணிகத் தொடர்பால் வந்திருக்கலாம் என்றும், காபூல் குளிருக்குப் புளிப்பு அவசியம் என்றும் எழுதியிருந்தார். புளிச்சக்கீரை தெரியாத ஆள் ரங்கூனில் கிடையாது. சந்தையில் சின்பாவ் என்று கேட்டால் கட்டுக்கட்டாகத் தருவார்கள். அவரும் பிறந்ததிலிருந்து சாப்பிட்டிருப்பார். ஆனால் பத்திரிகையில் படித்துவிட்டு வந்தால் நாக்கும் அதையே நம்பிவிடும் போலிருக்கிறது. அதற்குக் கீழே பலர் நன்றி தெரிவித்திருந்தார்கள். தாங்களும் ஒரு கைகூப்பும் படம் போட்டிருந்தீர்கள்.

அதன் பிறகு மணி நிற்கவில்லை. இன்சீனிலிருந்து வட்ட ரயிலில் ஒரு குடும்பம் வந்தது. டாலாவிலிருந்து படகேறி, சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து, ஒரு மாமியும் அவர் மருமகளும் வந்தார்கள். மருமகள் மாசமாக இருக்கிறாளாம், ஆப்கான் கீரைதான் வேண்டும் என்று ஆசைப்பட்டாளாம். அம்மா முதலில் பயந்தாள், பிறகு பழகிவிட்டாள், பிறகு சந்தையிலிருந்து திராட்சை வாங்கி வந்தாள். "ஆப்கான்னா திராட்சை போடணுமாமே" என்று கீரைக் கடையலில் ஒரு பிடி போட்டாள். நான் அவளையே பார்த்தேன். "என்னடி முறைக்கிற, நான் என்ன ஆப்கான்னா சொன்னேன்? நான் சோறுன்னுதான் சொல்லிக் குடுக்கறேன். அவங்களா நெனச்சுக்கிட்டா நான் என்ன பண்றது" என்றாள். பையை இறக்குகிறவள் நான்தான், அவள் யாரிடமும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

இதையெல்லாம் தாங்கள் சிரிப்பதற்காக எழுதவில்லை ஐயா. மேலே மெஹ்ரீன் அக்கா தினமும் பெரிய பாத்திரத்தில் புலாவ் செய்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கணவர் ஹஸ்ஸான் அண்ணன் ரத்தினக் கல் வியாபாரத்துக்கு இந்த ஊருக்கு வந்தவர். அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அவருடைய அண்ணன் ஷார்ஜாவில் இருக்கிறார், வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். மெஹ்ரீன் அக்காவுக்கு இந்த ஊர் பிடித்துவிட்டது, இந்தச் சமையல் ஓடினால் இங்கேயே இருக்கலாம் என்றார். இந்த மாதம் முடியும்வரை பார்ப்போம், ஓடாவிட்டால் கிளம்பிவிடலாம் என்று ஹஸ்ஸான் அண்ணன் சொல்லிவிட்டார். திரு. முரளிதரன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போன அன்று, பத்திரிகையில் வரப்போகிறது என்று அக்கா எனக்குத்தான் முதலில் சொன்னார். பச்சைக் கயிற்றுக்குப் புதிய மணி வாங்கிக் கட்டினார். அது சும்மாவே இருக்கிறது. வழக்கமாக வரும் இரண்டு மூன்று பேரைத் தவிர யாரும் இழுப்பதில்லை.

நான் மத்தியானம் அங்கே போவேன். அவர் என்னை ஞீமா, அதாவது தங்கச்சி என்று பர்மியத்தில் கூப்பிடுவார். அவருக்கும் பர்மியம் அரைகுறை, எனக்கும் பேச்சு அரைகுறை, அதனால் நாங்கள் கேரட் நறுக்கிக்கொண்டு இருப்போம். அவர் வீட்டில் நான் பேசாமல் இருந்தால் ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஊரில் அப்படி எனக்கு இருப்பது அந்த ஒரு வீடுதான். போன வாரம் கீழே எங்கள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஞீமா, உங்க வீட்டுக்கு எவ்வளவு சொந்தக்காரங்க."

நான் தலையை ஆட்டினேன்.

"நல்லது" என்றார். "சொந்தக்காரங்க வந்துட்டே இருந்தா வீட்டுக்கு அழகு. எங்களுக்கு இங்க யாரும் இல்ல."

சாயந்தரமானால், விற்காத புலாவை அவர் எங்களுக்குத்தான் கொடுத்து அனுப்புகிறார். 'இவ்வளவு சொந்தக்காரங்களுக்கு உங்கம்மா எப்படி ஆக்கிப் போடுவாங்க, பாவம்' என்கிறார். ஆகவே ரங்கூனில் ஆப்கான் சாப்பாட்டை எங்கே ருசிக்கலாம் என்றால், இப்போதைக்கு இரவு எங்கள் வீட்டில்தான். அப்பா கேரட்டை ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிடுகிறார். தங்கள் வாசகர்கள் பகலில் எங்கள் கீரையைச் சாப்பிடுகிறார்கள்.

இதைச் சரிசெய்ய நான் ஒன்றும் செய்யாமல் இல்லை. ஒரு நாள் அம்மா கடைக்குப் போயிருந்தபோது மணி அடித்தது. நான் மேலே ஓடிப் போய், எங்களுக்கு வேண்டும் என்று சொல்லிப் புலாவ் வாங்கி வந்து, பையில் வைத்து இறக்கினேன். கீழே இருந்தவர் ஏற்கெனவே எங்கள் கீரையை வாங்கிப் போனவர். தெருவிலேயே மூடியைத் திறந்து பார்த்தார்.

"ஏம்மா, கீரை எங்க?"

நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"போன தடவ ஒழுங்கா ஆப்கான் குடுத்தீங்க. இது சும்மா டான்பாவும்மா. கேரட்டப் போட்டு ஏமாத்தப் பாக்குறீங்களா? பத்திரிகைல எழுதிருவேன்."

பை புலாவோடு மேலே வந்தது. தெருமுனைப் பிரியாணிக் கடைக்காரர் வேறு, டான்பாவ் என்று பிரியாணிக்குப் பர்மியப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். இனி உண்மையான சாப்பாட்டைக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்தது. நேற்று மேலே போனபோது ஹஸ்ஸான் அண்ணன் பெரிய பாத்திரத்துக்கு அளவாக ஒரு அட்டைப்பெட்டி தேடிக்கொண்டிருந்தார். அக்கா அதைப் பார்க்காததுபோல அரிசி களைந்துகொண்டிருந்தார்.

ஆகையால் தாங்கள் தயவுசெய்து அடுத்த இதழில், பெரிய எழுத்தில், கீழ்க்கண்டவாறு திருத்தம் போட வேண்டும்: ஆப்கான் சாப்பாடு நாலாம் மாடியில். பச்சைக் கயிற்றை இழுக்கவும். சிவப்புக் கயிற்றை யாரும் எந்தக் காரணத்துக்காகவும் இழுக்க வேண்டாம். கீரை ஆப்கான் அல்ல, கீரை விஜயகுமாரி என்கிற என் அம்மா. வணிகத் தொடர்பு பற்றி எழுதிய பெரியவருக்கு வருத்தம் ஏற்படாதபடி தாங்களே ஏதாவது சேர்த்துக்கொள்ளவும். திரு. முரளிதரன் அவர்கள் இனி எங்கே சாப்பிட்டாலும், கதவு திறந்திருந்தாலும், ஒருமுறை கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு எழுதும்படி சொல்லவும்.

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கோயில் வகுப்பில் படித்த தமிழ்தான். தங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கம். தங்கள் பத்திரிகை நெடுங்காலம் வரட்டும், சரியான மாடிக்கு வரட்டும்.

இப்படிக்கு,
செ. பவானி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் போட வேண்டாம். கடிதத்தை முடித்து வைத்த பிறகுதான் தங்கள் அடுத்த இதழ் அடுத்த மாதம்தான் வரும் என்று யோசித்தேன். அதற்குள் அவர்கள் போய்விடுவார்கள். எனவே எங்கள் சிவப்புக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு மேலே போய், கயிற்றை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஏன் என்றார் அக்கா. ஏன் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. கீரை, திராட்சை, டாலா மாமி எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஒரே நாளில் அவ்வளவு பேசியதில்லை. அவர் சிவப்புக் கயிற்றை வாங்கிக் கையில் சுற்றிப் பார்த்தார். பிறகு, "அப்போ அவங்கெல்லாம் உங்க சொந்தக்காரங்க இல்லியா" என்றார். இல்லை என்றேன். "எல்லாரும் எனக்கு வந்தவங்களா" என்று கேட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாலாம் மாடியிலிருந்து சிவப்புக் கயிறு எட்டவில்லை, துணி காயப்போடும் கொடியில் ஒரு துண்டு வெட்டி முடிச்சுப் போட்டோம். பச்சை இப்போது எங்கள் வீட்டில் தொங்குகிறது. அம்மா கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, பச்சைக் கயிறு கீரைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்றாள்.

ஆகவே திரு. முரளிதரன் எழுதியது சரி. திருத்தம் போட்டால்தான் தவறாகிவிடும். புளிப்பு இல்லை என்று யாராவது தங்களுக்கு எழுதினால், அதுதான் ஆப்கான் என்று பதில் போடவும். பிடிவாதம் பிடித்தால் பச்சையை இழுக்கச் சொல்லவும்.

நேற்று மத்தியானம் யாரோ தாளைப் பார்த்து, கயிற்றைப் பார்த்து, சிவப்பை இழுத்தார்கள். மணி மேலே அடித்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் மேலே போய்க் கேரட் நறுக்கினேன்.